டிஸ்க் செக் ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

பிசியைப் போட்டதும் கறுப்புத் திரையில் "ஸ்கேனிங் அண்டு ரிப்பேரிங் டிரைவ்" என்று ஒரு வரி வந்து, சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். இல்லையென்றால் சிபியூவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடையில் "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது விண்டோஸ் பளிச்சென்று இருக்கும். பிள்ளையின் மொட்டையடித்த போட்டோ, காதுகுத்து வீடியோ, ஸ்கேன் செய்து வைத்த பத்திரம் எதுவும் இருக்காது.

இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரே வாசகத்துக்கு அடியில் இருப்பது முற்றிலும் வேறான இரண்டு கோளாறுகள். ஒன்றில் டிஸ்க் நன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கிற பதிவுகள்தான் குழம்பியிருக்கும். இன்னொன்றில் டிஸ்கே செத்துக்கொண்டிருக்கும். முதலாவதுக்குச் செய்கிற வைத்தியத்தை இரண்டாவதுக்குச் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நானும் படித்தவள் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறேன். எண்ணைப் பார்த்து நம்புவது எங்கள் தொழில், அவ்வளவுதான்.

முதலில், கறுப்புத் திரையில் அந்தச் சோதனையை ஓட்டுகிற செக்டிஸ்க் என்கிற விண்டோஸ் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். (தட்டும்போது சி, ஹெச், கே, டி, எஸ், கே என்று ஆறு எழுத்து.) விண்டோஸில் இப்போது எல்லோரிடமும் இருப்பது என்டிஎஃப்எஸ் என்கிற கோப்பு முறை. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. அதில் எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கிற ஒரு பெரிய அட்டவணை உண்டு. நிலம் வேறு, வி.ஏ.ஓ. ஆபீசில் இருக்கிற அடங்கல் வேறு, இல்லையா? அதுபோலத்தான். செக்டிஸ்க்குடன் ஸ்லாஷ் போட்டு எஃப் சேர்த்தால் அது அடங்கலைத் திருத்துகிறது. சர்வே எண் இடித்தால் சரிசெய்கிறது, சொந்தக்காரர் பெயரில்லாத துண்டுகளைத் தனியே எடுத்து வைக்கிறது. வயலில் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் அடங்கலைத் திருத்தி ஒன்றும் ஆகாது. ஸ்லாஷ் ஆர் என்று கொடுத்தால் அது ஒரு படி மேலே போய் வயல் முழுக்க நடந்து பார்க்கிறது. டிஸ்கின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களைக் குறித்து ஒதுக்குகிறது. எஃப் செய்கிற வேலையும் அதிலேயே அடக்கம். நல்ல டிஸ்கில் இது பயனுள்ள வேலை. சாகிற டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொல்வது, அதுவும் காப்பி எடுக்காமல் சொல்வது, கூடவே கூடாது.

ஆகவே எண்கள். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளைப் போட்டால் அது முழுதும் ஒரு பட்டியலாகத் தெரியும். மேலே நீலத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்' என்று ஒரு கட்டம் வரும். அதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கீழே இடது ஓரத்தில் வரிசை எண்கள் இருக்கும். அதில் 05, சி5, சி7 என்கிற மூன்று வரிகளைத் தேடுங்கள். வலது ஓரத்தில் ரா வேல்யூஸ் என்று இருப்பதுதான் நமக்கு வேண்டிய எண். அது பதினாறடிமான எண்ணில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது.

05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போனதென்று ஒதுக்கிவிட்டு, கையிருப்பிலிருந்து மாற்று இடம் கொடுத்துவிட்ட செக்டர்களின் எண்ணிக்கை. (டிஸ்கைப் பிரித்திருக்கிற சின்னச் சின்னக் கட்டங்கள்தான் செக்டர்.) சி5 என்பது இப்போது படிக்க முடியாமல், என்ன ஆகும் என்று தெரியாமல் நிலுவையில் நிற்பவை. அந்த இடத்தில் மறுபடி எழுதும்போதுதான் முடிவு தெரியும்: ஒன்று அது தேறிவிடும், இல்லையென்றால் 05-இன் கணக்கில் சேரும். மூன்றாவதான சி7 டிஸ்கைப் பற்றியதே இல்லை. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் எத்தனை முறை பிழை வந்தது என்கிற கணக்கு. அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்.

05-உம் சி5-உம் பூஜ்யம், சி7 மட்டும் ஏறுகிறது என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சி5-இல் எண் இருந்தால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், எதையும் ஓட்டாதீர்கள். முதல் வேலை காப்பி.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். கடற்காற்று நேராக வந்து விழுகிற வீடு. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், கேபினட் பின்பக்க ஸ்குரூ எல்லாமே துரு ஏறித்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் விண்டோஸ் சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. டி டிரைவ் தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். போட்டோ, மகளின் பிராஜெக்ட், மாமனார் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், எல்லாம் அதில்தான். திடீரென்று காலையில் பிசியைப் போடுகிறபோதெல்லாம் டி டிரைவை ஸ்கேன் செய்ய ஆரம்பித்தது. முடிந்ததும் வழக்கம்போல விண்டோஸ் வரும். மறுநாள் திரும்பவும் அதே.

"அம்மா, கடைக்கு எடுத்துட்டுப் போயிடலாம்மா" என்றாள் மகள். ஏற்கெனவே ஒரு கடையில் போனில் கேட்டு, 'டிஸ்க் மாத்தணும்' என்று பதிலும் வாங்கி வைத்திருந்தாள்.

"இருடி, மொதல்ல என்னன்னு பாப்போம்" என்றேன்.

அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஃப்எஸ்யுடில் டர்ட்டி குவெரி டி: என்று கேட்டால், அந்த டிரைவ் 'டர்ட்டி' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று விண்டோஸ் சொல்லும். ஒரு டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏதோ தடைபட்டாலும், பதிவுகளில் முரண் தெரிந்தாலும், விண்டோஸ் அந்த டிரைவில் ஒரு கறை வைத்துவிடும். அடுத்த முறை கிளம்பும்போது அந்தக் கறையைப் பார்த்துத்தான் தானாகச் சோதனை ஓடுகிறது. சோதனை நல்லபடியாக முடிந்தால் கறை போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் போகத்தான் செய்தது, ஆனால் மறுநாளைக்குள் திரும்ப விழுந்தது. அப்படியானால் யாரோ எதுவோ தினமும் அதை வைக்கிறது என்று அர்த்தம்.

முதல் சந்தேகம் கரண்டு. இந்தக் கரையோரத்தில் ஐப்பசி பிறந்தால் கரண்டுக்கும் மழைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதற்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் கம்ப்யூட்டரைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. கரண்டு போய் பேட்டரிக்கு மாறுகிற அந்த இடைவெளியை கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன்னிடம் தேக்கி வைத்த மின்சாரத்தால் ஏறத்தாழ 16 மில்லி நொடிதான் தாங்கும். ஃபேனும் லைட்டும் அதைவிட நீண்ட இடைவெளியைக் கண்டுகொள்ளாது. பிசி கண்டுகொள்ளும், ரீஸ்டார்ட் ஆகும். நிறைய இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறுகிற நேரம் குறையும். எங்கள் இன்வெர்ட்டரில் நார்மலில் இருந்தது. தள்ளினேன். கரண்டு போனால் பிசி நிற்பது நின்றது. டி டிரைவ் சோதனை மட்டும் நிற்கவில்லை.

அப்புறம்தான் அந்த மூன்று எண்கள். 05 பூஜ்யம். சி5 பூஜ்யம். சி7 நானூற்றுச் சொச்சம். ஒரு விஷயம் இங்கே முக்கியம்: சி7 ஏறும், இறங்கவே இறங்காது. பழைய கேபிளின் பாவமும் அதில் சேர்ந்தே இருக்கும். அதனால் எண் பெரிதா சிறிதா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அன்றைய எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு டி டிரைவில் ஒரு பெரிய வீடியோ ஃபோல்டரைக் காப்பி செய்யவிட்டேன். முடிந்ததும் பார்த்தால் ஏறியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைக் கூடத்துத் தரையில் சாய்த்து வைத்துத் திறந்தோம். சிவப்புக் கலர் சாட்டா கேபிள், முனையில் பிடித்துக்கொள்கிற அந்த இரும்பு நாக்கு இல்லாத பழைய வகை. டிஸ்க் பக்கத்து முனையை விரலால் தொட்டாலே ஆடியது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஏழு மெல்லிய தகடுகள். இரண்டு பளபளப்பாக இருந்தன. மற்றவற்றில் மங்கலாக ஒரு படலம், ஓரத்துத் தகடு ஒன்றில் பச்சைப் புள்ளி. உப்புக்காற்றின் வேலை. லாரன்ஸ் ரோட்டில் நூறு ரூபாய்க்குள் நாக்கு வைத்த புது கேபிள் கிடைத்தது. டிஸ்கின் பக்கத்துத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புது கேபிளை 'டக்' என்று சத்தம் வருகிற வரை அழுத்தினேன். மதர்போர்டு பக்கத்திலும் வேறு துளைக்கு மாற்றினேன்.

அதற்குப் பிறகு டி டிரைவுக்கு ஒருமுறை முழுதாக ஸ்லாஷ் எஃப். டிரைவ் பயன்பாட்டில் இருந்தால் 'வலுக்கட்டாயமாக டிஸ்மவுன்ட் செய்யட்டுமா' என்று கேட்கும். திறந்திருக்கிற கோப்பை எல்லாம் மூடிவிட்டு ஒய் கொடுக்கலாம். முடிந்ததும் வருகிற அறிக்கையில் ஒரு வரியை மட்டும் தவறாமல் பாருங்கள்: பேட் செக்டர்ஸில் எத்தனை கேபி என்று இருக்கும். எங்களுடையதில் 0. சி7 அதோடு நின்றுவிட்டது. காலைச் சோதனையும் நின்றுவிட்டது. கடைக்காரர் மாற்றச் சொன்ன அந்த டிஸ்கில்தான் இன்றைக்கும் எங்கள் போட்டோ எல்லாம் இருக்கின்றன. (இன்னொரு பிரதி வெளி டிஸ்கிலும் இருக்கிறது, அது வேறு விஷயம்.)

இணையத்தில் சிலர் இதற்கு வேறொரு வழி சொல்வார்கள். செக்என்டிஎஃப்எஸ் ஸ்லாஷ் எக்ஸ் என்று கொடுத்தால் (இதிலும் செக் என்பதற்கு சி, ஹெச், கே மட்டும்) அந்த டிரைவுக்குத் தானாகச் சோதனை ஓடாது, உடனே பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கறை அங்கேயே இருக்கும், கறை வைக்கிற காரணமும் அங்கேயே இருக்கும், நமக்குச் சொல்கிற வாய் மட்டும் அடைபடும். யாராவது உங்கள் பிசியில் ஏற்கெனவே அப்படிச் செய்து வைத்திருந்தால் செக்என்டிஎஃப்எஸ் ஸ்லாஷ் டி என்று கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கறையே இல்லாமலும் ஒவ்வொரு முறையும் சோதனை ஓடுகிறதென்றால் அப்போது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் பார்க்கலாம். செஷன் மேனேஜரில் பூட்எக்ஸிக்யூட் என்கிற இடத்தில் ஆட்டோசெக் ஆட்டோசெக் நட்சத்திரம் என்று மட்டும் இருப்பதுதான் இயல்பு. (முதலாவது முழு எழுத்தில் வரும். இரண்டாவது ஏ, யு, டி, ஓ, சி, ஹெச், கே.) அதற்கு மேல் வால் ஏதாவது ஒட்டியிருந்தால் எப்போதோ திட்டமிட்ட சோதனை அழியாமல் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு: சி டிரைவுக்குச் சோதனை கேட்டு, 'அடுத்த ரீஸ்டார்ட்டில் செய்யட்டுமா' என்பதற்கு ஒய் கொடுத்தும் மறுநாள் ஒன்றும் ஓடவில்லை. இதற்கு விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணமாக இருக்கும். நாம் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கரு முழுதாக அணைவதில்லை, உறங்கிவிட்டு அதே நிலையில் எழுகிறது. முழுதாகக் கிளம்பும்போதுதான் இந்தச் சோதனைக்கு இடம். ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள், ஓடும்.

இனி அந்த இரண்டாவது வகை. முதுநகரில் இருக்கிற சித்தப்பா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கடலூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேர்டு கோப்பு. பஸ்ஸில் போய் இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, வயசானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை. கூடவே ஏரிக்கரை அய்யனார், எல்லைக்கல், பழைய பள்ளிக்கூடம் என்று போட்டோக்கள். எல்லாம் ஒரே 500 ஜிபி டிஸ்கில், அதே டிஸ்கில்தான் விண்டோஸும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்து, தென்பெண்ணை வெள்ளமும் வந்து எல்லாம் வடிந்த பிறகு ஒருநாள் போன் செய்தார்.

"அம்மாடி, நேத்து ராத்திரியிலேர்ந்து பத்து சதவீதத்துலயே நிக்குது. அணைக்கலாமா கூடாதா?"

"சித்தப்பா, காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க. உள்ள ஏதாச்சும் சத்தம் வருதா?"

"டிக்கு டிக்குனு வருது. கொஞ்சம் நிக்குது, மறுபடி வருது."

"அணைச்சுடுங்க. நான் வர்ற வரைக்கும் போடவே போடாதீங்க."

பத்திலோ இருபத்தேழிலோ நின்றுவிட்டது என்று பதறுகிற எல்லோரிடமும் நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். திரையில் தெரிகிற சதவீதம் நேரக் கணக்கு இல்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று தாவும், இன்னொரு கட்டத்தில் நெடுநேரம் அசையாது. ஸ்லாஷ் ஆர் ஓடினால் முழு டிஸ்கையும் படிக்க வேண்டும். 1 டிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலே இரண்டே முக்கால் மணி நேரம். வழியில் படிக்க முடியாத செக்டர் வந்தால் டிஸ்க் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப முயன்று நொடிக்கணக்கில் நின்றுவிடும். ஆகவே கேபினட் முகப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்து, டிஸ்கிலிருந்து வழக்கமான உறுமலைத் தவிர வேறு சத்தம் இல்லையென்றால், ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஆனால் சீராக விட்டு விட்டு டிக் டிக்கென்று தட்டினால் அது டிஸ்கைப் படிக்கிற தலைப்பகுதி தடுமாறுகிற சத்தம். இடையில் நிறுத்துவது நல்லதல்ல என்றுதான் மைக்ரோசாஃப்டும் சொல்கிறது. அதே இடத்தில், நிறுத்துவதால் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடாது என்றும் சொல்கிறது. தட்டுகிற டிஸ்கை மேலும் ஓடவிடுவதன் ஆபத்துதான் பெரிது என்று நினைத்தேன்.

விண்டோஸ் கிளம்பாதபோது எண்களை எப்படிப் பார்ப்பது? உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கிளப்பினால், இன்ஸ்டால் செய்யாமலே 'டிஸ்க்ஸ்' என்கிற செயலி ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும். சித்தப்பாவின் டிஸ்கில் நிலுவை செக்டர் நூற்றுக்கணக்கில் இருந்தது. மாற்றிக் கொடுத்ததும் நூற்றுக்கணக்கில். கேபிள் கணக்கு பூஜ்யம். சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த நிலையில் கோப்புகளை மவுஸால் இழுத்துக் காப்பி செய்வதுகூட நல்ல வழி இல்லை. கெட்ட இடத்தில் முட்டி அங்கேயே நிற்கும், நல்ல இடத்தை எடுப்பதற்குள் டிஸ்க் போய்விடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்கிற கருவி இதற்கென்றே செய்தது. உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதன் அழகு என்னவென்றால், முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிகிற எல்லாவற்றையும் வேகமாக அள்ளிக்கொண்டு, இடறுகிற இடங்களைத் தாண்டிவிடும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். இரண்டாவது சுற்றில் அந்த மிச்சத்தை மட்டும் பொறுமையாகச் சுரண்டும். நடுவில் கரண்டு போனாலும், நாமே நிறுத்தினாலும், மேப் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரே ஒரு பயங்கரம் இதில் உண்டு. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்கை எடுத்து நல்ல கோப்புகளின் மேல் எழுதிவிடும். எல்எஸ்பிஎல்கே என்று தட்டி, ஒவ்வொரு டிஸ்கின் அளவையும் பார்த்து, சித்தப்பாவை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்டினேன். வாங்கிய எஸ்எஸ்டி 1 டிபி, பழையது 500 ஜிபி. அளவு வேறாக இருந்ததால் குழப்பத்துக்கு இடமில்லை. புது டிஸ்க் வாங்கும்போது இதையும் யோசித்து வாங்கலாம். பழையதைவிட ஒரு பைட்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது, எப்படியும்.

டேபிள் ஃபேனை டிஸ்கின் மேல் திருப்பி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். சித்தப்பா தூங்கவில்லை, நாற்காலியைப் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடிகிறபோது முதல் சுற்று முடிந்திருந்தது. மிகச் சிறு பகுதிதான் பாக்கி. இரண்டாவது சுற்றில் அதிலும் பாதிக்கு மேல் வந்தது.

இதற்குப் பிறகுதான் செக்டிஸ்க். அதுவும் புது டிஸ்கில் இருக்கிற பிரதியின் மேல். பழையதைக் கழற்றித் தனியே வைத்தாயிற்று. இந்த வரிசையை நான் இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம், செக்டிஸ்க் செய்கிற திருத்தத்தைத் திரும்பப் பெற முடியாது. குழம்பிய ஒரு பதிவை அது தேவையில்லை என்று வெட்டிவிட்டால் வெட்டியதுதான். பிரதியில் அது தப்பாக வெட்டினாலும் மூலத்திலிருந்து இன்னொரு முறை எடுக்கலாம். மூலத்திலேயே வெட்டிவிட்டால் என்ன செய்வது?

பிரதியில் ஸ்லாஷ் எஃப் ஓடி முடிந்ததும் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் வந்திருந்தது. மறைந்த ஃபோல்டராக இருக்கும், வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸைத் தட்டினால்தான் தெரியும். தாய் ஃபோல்டரைத் தொலைத்த கோப்புகளை செக்டிஸ்க் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுகிறது. நிறையப் பேர் இதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். சித்தப்பாவின் 'பண்ருட்டி வட்டம்' ஃபோல்டர் முழுசாக அதற்குள் பத்திரமாக இருந்தது, ஃபோல்டரின் பெயர் மட்டும் மாறியிருந்தது. வேர்டு கோப்புகளில் ஒரு சில திறக்கவில்லை. போட்டோக்களில் சிலவற்றுக்கு மேல்பாதி நன்றாக இருக்கிறது, கீழே ஒரே சாம்பல் நிறம். குதிரையின் தலையும் அய்யனாரின் கையும் தெரிகின்றன, அதற்குக் கீழே இல்லை. அந்த ஊர்களின் பெயரைச் சித்தப்பா தனியே எழுதி வைத்திருக்கிறார், தை பிறந்ததும் மறுபடி போய் எடுத்துவருவதாக.

வேறு சில தகராறுகளையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது சோதனை ஆரம்பித்த உடனே "கேனாட் ஓப்பன் வால்யூம் ஃபார் டைரக்ட் ஆக்சஸ்" என்று சொல்லிவிட்டு முடிந்துவிட்டதென்று போனால், பெரும்பாலும் ஏதோ ஒரு ஆன்டிவைரஸோ டிஸ்க் மென்பொருளோ விண்டோஸுக்கு முன்னாலேயே டிரைவைப் பிடித்துக்கொள்கிறது. அதை அன்இன்ஸ்டால் செய்து, சோதனை ஓட்டிவிட்டு, மறுபடி போடலாம். "டைப் ஆஃப் தி ஃபைல் சிஸ்டம் ஈஸ் ரா" என்று வந்தால் டிரைவின் கோப்பு முறையே விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம், செக்டிஸ்க்கால் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் அந்த நேரத்தில் நீட்டுகிற ஃபார்மட் பட்டனை மட்டும் தொடாதீர்கள். "அன்ஸ்பெசிஃபைடு எரர்" என்று 766 என்று தொடங்கும் நீளமான ஓர் எண்ணைக் காட்டி நின்றால் பயப்பட வேண்டாம். அதை இரண்டிரண்டாகப் பிரித்து ஆஸ்கி எழுத்தாக மாற்றினால் 'வால்யூம்.சி' என்று வரும். ஒரு சி மொழிக் கோப்பின் பெயர். செக்டிஸ்க் உள்ளே எங்கோ தடுமாறியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் நமக்கு எதுவும் சொல்லவில்லை. அங்கேயும் முதலில் அந்த மூன்று எண்கள்தான்.

கிளம்பும்போது ஓடிய சோதனையின் முடிவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போனால் வின்இனிட் என்ற பெயரில் 1001 எண்ணிட்ட பதிவில் முழு அறிக்கையும் இருக்கும். அதே வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண் வந்திருந்தால் பேட் பிளாக். என்டிஎஃப்எஸ் பெயரில் 55 என்றால் பதிவுகளில் குழப்பம். கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் இந்த எண்களையும் ஸ்மார்ட் பட்டியலையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். எண்களோடு வருகிறவரிடம் 'ஃபார்மட் போட்டுடலாம்' என்று சொல்ல யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஸ்லாஷ் ஆர் பெரிதாகத் தேவைப்படாது, கெட்ட இடங்களை அதன் கண்ட்ரோலரே மாற்றிக்கொள்ளும். பதிவுகள் குழம்பினால் ஸ்லாஷ் எஃப் போதும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் ஸ்லாஷ் ஸ்கேன் என்று கொடுத்தால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சோதனை ஓடும், அதை எப்போதாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. விண்டோஸ் கிளம்பாமல் ரெக்கவரி திரையிலிருந்து ஓட்டுகிறவர்கள் அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நம் சி அங்கே டி-யாக இருக்கலாம். டிர் என்று தட்டி, யூசர்ஸ் ஃபோல்டர் எதில் தெரிகிறதோ அதுதான் உங்களுடையது. டிஸ்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் போட்ட புது லேப்டாப் என்றால் அந்தத் திரை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே எடுத்து, தாளில் எழுதி, பேங்க் பாஸ்புக்கோடு பீரோவில் வைத்துவிடுங்கள்.